டிஃபரன்ஷியல் புஷ் தேய்ந்துவிட்டால்: ரப்பரா, பாலியூரித்தேனா, அலுமினியமா?

பின்சக்கர இயக்கம் கொண்ட ஒரு பெர்ஃபார்மன்ஸ் கார் எட்டுப் பத்து ஆண்டுகளைக் கடந்த பிறகு, அதன் உரிமையாளரை உறுத்தத் தொடங்கும் ஓசை பெரும்பாலும் எஞ்சினிலிருந்து வருவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கி, இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்கும்போது பின்னிருக்கைக்குக் கீழே 'டக்' என்று ஒன்று கேட்கும். காலை எடுத்தால் மறுபடியும் கேட்கும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், காலாப்பட்டு, மரக்காணம் என்று ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்துக் கூட்டிச் செல்கிறவருக்கு அது வழிநெடுகத் தொடரும் தொல்லை. எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் (உருளை வடிவத் தாங்கிகள்) தேய்ந்ததுதான் காரணம் என்று பட்டறையில் உறுதியானவுடன் அடுத்த கேள்வி எழுகிறது: கம்பெனி ரப்பரையே மீண்டும் போடுவதா, ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனுக்கு மாறுவதா, இன்னும் ஒரு படி போய் அலுமினியத்தையே வைத்துவிடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் அன்றாடம் சாலையில் ஓடும் காருக்குப் புதிய கம்பெனி ரப்பர் புஷ்தான் சரியான தேர்வு. பந்தயத் தடத்துக்கு ஆண்டில் சிலமுறையாவது கொண்டுபோகும் காருக்கு, மென்மையான வகைப் பாலியூரித்தேனை முழுத் தொகுப்பாகப் போடுவது பொருந்தும். அலுமினியம் சாலைக் காருக்கு ஆகாது. இந்த முடிவுக்கு வருவதற்கான காரணங்களே இந்தக் கட்டுரை. அவற்றை எடைபோட்டு உங்கள் காருக்கு வேறு முடிவு வந்தால் அதிலும் தவறில்லை. 'கெட்டியாக இருப்பதே மேம்பாடு' என்ற எண்ணத்தை மட்டும் ஆராயாமல் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

புஷ் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும். தனித்தனியே இயங்கும் பின் சஸ்பென்ஷன் உள்ள காரில் டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங் சக்கரங்களோடு ஏறி இறங்குவதில்லை. அது சப்ஃபிரேம் என்ற இரும்பு அல்லது அலுமினியச் சட்டத்தில், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இடங்களில், புஷ் வழியாகப் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். ஆக்ஸில் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதன் எதிர்விசை ஹவுசிங்கைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். அதனால் பினியன் (விசை உள்ளே வரும் சிறு பற்சக்கரம்) இருக்கும் முன்பக்கம் மேலே எழும், பின்பக்கம் கீழே அழுந்தும். காலை எடுத்து எஞ்சின் பிரேக்கிங் வந்தவுடன் இது அப்படியே தலைகீழாகும். மிதிக்கும்போதும் விடும்போதும் இரண்டு முறை 'டக்' கேட்பதன் காரணம் இதுதான்: ரப்பர் கிழிந்திருந்தால் ஹவுசிங் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் முட்டுகிறது.

விசையின் அளவையும் ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின், முதல் கியரின் விகிதம் 4, டிஃபரன்ஷியலின் விகிதம் 3 என்று வைத்துக்கொண்டால், ஆக்ஸிலுக்குப் போவது 4,200 நியூட்டன் மீட்டர். சாலையில் டயரின் பிடி அதற்கு முன்பே தளர்ந்துவிடும் என்பதால், பின்சக்கரங்கள் மீது சுமார் 900 கிலோ எடை அழுந்தும் காரில் 3,000 நியூட்டன் மீட்டருக்கு அருகில்தான் அது நிலைபெறும். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு முனையும் தாங்க வேண்டியது 7,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ முக்கால் டன் எடைக்குச் சமமான விசை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் உருளை ஒவ்வொரு முழுப் பிக்கப்பிலும் இதைத்தான் வாங்கிக்கொள்கிறது. கிளட்சைச் சட்டென விட்டு எடுக்கும் பழக்கம் உள்ளவரின் காரில் அந்தக் கணத்து அதிர்ச்சி இதையும் தாண்டும்.

விசையைத் தாங்குவது ஒரு பணி. ஓசையை வடிகட்டுவது மற்றொன்று. தெரிவு செய்கிறவர்கள் முதலாவதை மட்டும் நினைத்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 13 பற்களும் இருக்கும் ஒரு டிஃபரன்ஷியலை எடுத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பற்கள் நொடிக்குச் சுமார் 455 முறை ஒன்றோடொன்று உரசிக் கடக்கின்றன. 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 570 முறை. இது மனிதக் காதுக்கு மிகத் தெளிவாகக் கேட்கும் அலைவரிசை. பற்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் இந்த ஒலி உண்டாகவே செய்யும். அதைக் கேபினுக்குள் விடாமல் தடுப்பது ரப்பர்தான். புஷ்ஷைக் கெட்டியாக்கினால் டிஃபரன்ஷியல் புதிதாக ஊளையிடத் தொடங்குவதில்லை. அது எப்போதும் இட்டுக்கொண்டிருந்த ஊளை இப்போது உள்ளே வருகிறது, அவ்வளவே.

இங்கே காருக்குக் கார் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பல கார்களில் சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் இடையிலும் தனி ரப்பர் புஷ்கள் இருக்கும்; ஆகவே டிஃபரன்ஷியலின் அதிர்வு இரண்டு அடுக்கு ரப்பரைக் கடந்தே உட்கார்ந்திருப்பவரை அடையும். அப்படிப்பட்ட காரில் ஒரு அடுக்கைக் கெட்டியாக்கினாலும் மற்றொன்று மிச்சமிருக்கும். பிஎம்டபிள்யூவின் எஃப்80 வரிசை எம்3 போன்ற கார்களிலோ சப்ஃபிரேமே ரப்பர் இல்லாமல் நேரடியாகப் பாடியில் பூட்டப்பட்டுள்ளது. அங்கே டிஃபரன்ஷியல் புஷ் ஒன்றுதான் ஓசைக்கு எதிரான அடுக்கு. 'அவர் காரில் பாலியூரித்தேன் போட்டார், சத்தமே இல்லை' என்று யாராவது சொன்னால், அவர் கார் எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று கேட்ட பிறகே அதை நம்ப வேண்டும்.

தெரிவுக்குள் போவதற்கு முன், குறை உண்மையில் புஷ்ஷில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதே 'டக்' ஓசையைப் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதன் முனையில் உள்ள ரப்பர் கப்ளிங், சென்டர் பேரிங், கியர்பாக்ஸ் மவுன்ட், ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட், சப்ஃபிரேம் புஷ் ஆகியவற்றில் எதுவும் தரலாம். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே இடைவெளி கூடிப்போனாலும் தரும். டிஃபரன்ஷியல் புஷ்ஷுக்கே உரிய அடையாளங்கள் சில உண்டு: நின்ற இடத்திலிருந்து வேகமாக எடுக்கும்போது பின்சக்கரங்கள் தரையை விட்டு விட்டுப் பிடித்துத் துள்ளுவது, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது மந்தமான ஒரு முட்டல், காலை விட்டு மிதித்தால் கார் அரைக் கணம் தாமதித்துப் பாய்வது. ஆனால் அடையாளங்களை மட்டும் நம்பிச் சப்ஃபிரேமை இறக்கக் கூடாது.

லிஃப்டில் ஏற்றி, கைக்கு அடக்கமான ஒரு நெம்புகோலை ஹவுசிங்குக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. நல்ல ரப்பர் சில மில்லிமீட்டர் நகர்ந்து, விட்டவுடன் திரும்பி வந்து நிற்கும். கிழிந்த ரப்பரில் நடு இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு பிறை வடிவப் பிளவு வாய் திறக்கும். அதன் விளிம்பில் மழைக்காலச் செம்மண்ணும் ரப்பர்த் தூளும் கலந்து படிந்திருக்கும். நெம்புகோலைத் தளர்த்தினாலும் ஹவுசிங் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. உள்ளே திரவம் நிரப்பிய வகைப் புஷ்ஷாக இருந்தால், சப்ஃபிரேமின் அடிப்பக்கத்தில் கறுத்த எண்ணெய் வழிந்த தடம் தெரியும். நிஸான் 350இசட் காரில் இந்தக் கசிவு பரவலாகத் தெரிந்த ஒன்று. பலர் அதை டிஃபரன்ஷியல் ஆயில் கசிவு என்று எண்ணி ஆயில் சீலை மாற்றிவிடுகிறார்கள். காருக்கு அடியில் ஆள் இருக்கும்போது எஞ்சினை ஓட்டிக் கியரில் போட்டுச் சோதிப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க வேண்டாம். அசைவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறு கேமராவைக் காந்தத்தில் பொருத்தி, காலியான சாலையில் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்.

பழுது உறுதியான பிறகும் 'இப்படியே ஓட்டுவோம்' என்பது ஒரு தெரிவுதான். ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு மட்டும் இருந்து, நெம்பும்போது அசைவு குறைவாக இருந்தால், அடுத்த சர்வீஸ் வரை பொறுப்பதில் பிழையில்லை. உலோகம் உலோகத்தில் முட்டத் தொடங்கிவிட்டால் பொறுக்கக் கூடாது. அந்த முட்டல் ஒவ்வொன்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தை மாற்றி, கப்ளிங்கையும் சென்டர் பேரிங்கையும் சேர்த்துத் தின்கிறது. பிஎம்டபிள்யூ ஈ46 வரிசையில் சப்ஃபிரேம் பொருந்தும் தரைத்தகடே விரிசல் விடுவது உலகறிந்த குறை என்பதால், அந்தக் காரை வைத்திருப்பவர் பின்பக்கத்து எந்த ஓசையையும் ஒத்திப்போடுவது நல்லதல்ல.

இனி ரப்பர். கம்பெனி புஷ்ஷின் ரப்பர் பொதுவாக, ரப்பர் போன்ற பொருள்களின் கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 65 வரையிலான கடினத்தன்மை கொண்டது. கடினத்தன்மை எண்ணைவிட முக்கியமானது அதன் வடிவம். பல புஷ்களில் குறிப்பிட்ட திசைகளில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். மேலும் கீழும் கெட்டியாகவும், முன்னும் பின்னும் மென்மையாகவும் இருக்கும்படி பொறியாளர்கள் அமைத்திருப்பார்கள். முதல் சில மில்லிமீட்டருக்கு மென்மையாகவும், அதற்குமேல் அழுத்தினால் திடீரென்று இறுகுவதாகவும் இருப்பதும் இந்த வடிவத்தால்தான். மெல்லிய ஓசையை வடிகட்டிக்கொண்டே பெரும் விசையையும் தாங்குவதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. புதிய ரப்பர் போட்ட காரை ஓட்டிப் பார்க்கும் பலர், 'பாலியூரித்தேன் தேவையே இல்லை போலிருக்கிறதே' என்று சொல்வது, அவர்கள் அதுவரை பத்தாண்டு பழைய ரப்பரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்ததால்தான். பாலியூரித்தேன் போட்டவுடன் கிடைக்கும் கூர்மையில் கணிசமான பங்கு, அது 'புதியது' என்பதால் வருவது. பாலியூரித்தேன் என்பதால் வருவது மிச்சம் மட்டுமே.

ரப்பரின் குறையும் நம் கடற்கரையில் தெளிவாகத் தெரியும். ரப்பர் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் சாவதில்லை. ஆண்டுக் கணக்கிலும் சாகிறது. வெயிலில் கொதிக்கும் சாலை, அருகில் ஓடும் சைலன்சர் குழாய், கொதிக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை இறுகவைத்து வெடிக்கச் செய்கின்றன. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. பினியன் சீல் கசிந்து ஹவுசிங் வழியே வழிந்தால் முன் புஷ் ஊறிப் பருத்து மெழுகாகிவிடும். ஆகவே சீலைப் பார்க்காமல் ரப்பரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும். இத்தனைக்குப் பிறகும், ஓட்டும் முறை சீராக இருந்தால் ஒரு நல்ல ரப்பர் பல ஆண்டுகள் உழைக்கும். சாலைக் காருக்கு அது போதுமான ஆயுள்.

விலையைக் குறைக்க நினைப்பவர்கள் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சப்ஃபிரேமைப் புஷ்களோடு வாங்கி அப்படியே மாற்றலாமா என்று கேட்பதுண்டு. சப்ஃபிரேம் வளைந்துவிட்டாலோ துருவில் ஓட்டை விழுந்துவிட்டாலோ அது நல்ல வழி. புஷ்ஷுக்காக மட்டும் அதைச் செய்வது வீண், ஏனென்றால் அங்கே கிடைக்கும் ரப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான்.

பாலியூரித்தேனில் இரண்டு வகை உண்டு. அவற்றை ஒன்றாகப் பேசுவதால் குழப்பம் வருகிறது. முதலாவது செருகு வகை: ரப்பர் புஷ்ஷின் வெற்றிடங்களுக்குள் பொருந்தும்படி வார்த்த துண்டுகளைச் செருகிப் போல்ட்டை இறுக்கிவிடுவது. பிரஸ் வேலை இல்லை; பல கார்களில் சப்ஃபிரேமை முழுதாக இறக்கவும் வேண்டாம். ரப்பர் நல்ல நிலையில் இருக்கும்போது அசைவைக் குறைக்க இது மலிவான, எளிதில் திரும்ப எடுக்கக்கூடிய வழி. ஆனால் கிழிந்த ரப்பருக்கு இது மருந்தல்ல. கிழிந்த புஷ்ஷில் செருகினால் ஓசை சில மாதங்களுக்கு அடங்கும். அதன்பின் நடுக்குழாய் ஒருபக்கமாகச் சாய்ந்து, செருகிய துண்டையே அரைத்துத் தள்ளும். நம் பகுதியில் இன்னொரு இடரும் உண்டு. வெற்றிடத்தை அடைத்துவிட்டால் உள்ளே புகும் உப்பு நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, புஷ்ஷின் இரும்பு உறையைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலம் முடிந்தவுடன் கழற்றித் துடைத்துப் போடும் பொறுமை உள்ளவருக்கே இது ஏற்றது.

இரண்டாவது, ரப்பரை முழுதாக வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாலியூரித்தேன் புஷ்ஷையே வைப்பது. பவர்ஃபிளெக்ஸ், ஒயிட்லைன், சூப்பர்ப்ரோ போன்ற நிறுவனங்களின் தொகுப்புகள் பல கார்களுக்குக் கிடைக்கின்றன. கடினத்தன்மை ஷோர் ஏ 70 முதல் 95 வரை விரிகிறது. சாலைக்கு 80 அளவிலும், பந்தயத்துக்கு 95 அளவிலும் தருவது வழக்கம். இந்த 80-க்கும் 95-க்கும் உள்ள தூரம் எண்ணில் சிறியதாகத் தெரிந்தாலும் காதில் மிகப் பெரியது. நண்பர் ஒருவரின் காரில் சாலை வகை போட்ட பிறகு புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்திருக்கிறேன்: 80-க்கும் 90-க்கும் இடையே, ஆக்ஸிலேட்டரில் கால் லேசாக இருக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம் எழுந்தது, அதைத் தாண்டியதும் டயர் ஓசையில் கரைந்துவிட்டது. கியர் மாற்றும்போது அந்தக் காரில் கிடைத்த நேரடித்தன்மைக்கு, என் கணிப்பில், அந்த ரீங்காரம் நியாயமான விலைதான். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓடும் வேகமும் அதே 80, 90 தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாலியூரித்தேனைப் பற்றி இணையத்தில் படிக்கும் குறைகளில் பாதி இந்த இடத்துக்குப் பொருந்தாது. கன்ட்ரோல் ஆர்மில் போட்டால் அது கிறீச்சிடும், சஸ்பென்ஷனை இறுக்கிப் பிடிக்கும், அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஏனென்றால் அங்கே புஷ் ஒவ்வொரு குழியிலும் சுழல வேண்டும், ரப்பர் முறுகி வளைந்து கொடுக்கும் இடத்தில் பாலியூரித்தேன் உரசித்தான் நகர முடியும். டிஃபரன்ஷியல் ஹவுசிங் சஸ்பென்ஷனோடு அசைவதே இல்லை. எனவே இங்கே உரசலும் கிறீச்சலும் மிகக் குறைவு. பின்பகுதியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாலியூரித்தேன் போடுவதாக இருந்தால் அது இந்த இடமாக இருக்கட்டும் என்று தயங்காமல் சொல்வேன்.

நம் ஊருக்கு மிக முக்கியமான ஒரு வேறுபாட்டைப் பார்ட்ஸ் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாலியூரித்தேன் வேதியியல் அடிப்படையில் இரண்டு குடும்பம்: பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை. பாலியெஸ்டர் வகை எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த சூழலில் நீர் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். சில ஆண்டுகளில் புஷ் பிசுபிசுத்து, நகத்தால் கீறினாலே பெயர்ந்து வரும். பாலியீத்தர் வகை நீரை நன்றாகத் தாங்கும். கோடையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும், ஆண்டு முழுதும் கடற்காற்றின் ஈரம் குறையாத புதுச்சேரியிலும் கடலூரிலும் பாலியீத்தர்தான் வேண்டும். எந்த அடிப்படையில் வார்த்தது என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாத மலிவுத் தொகுப்பை வாங்குவதைவிடக் கம்பெனி ரப்பரோடு நிற்பது மேல்.

அலுமினியத்தையும், கெட்டிப் பிளாஸ்டிக்கான டெல்ரினையும் நீட்டிப் பேசத் தேவையில்லை. அவற்றில் அசைவு அநேகமாக இல்லை. பின்சக்கரத் துள்ளலை அடக்குவதில் அவற்றுக்கு இணையில்லை. நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) ரேஸிலும் டிரிஃப்டிலும் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. சாலையில் 455, 570 என்று மேலே கணக்கிட்ட ஒலி அத்தனையும் தடையின்றி உள்ளே வரும். இசைக்கருவியின் உடற்கூடு தந்தியின் ஒலியைப் பெருக்குவதுபோல் பாடித்தகடு அதைப் பெருக்கித் தரும். ஓசையோடு போனாலும் பரவாயில்லை. ரப்பர் உறிஞ்சிக்கொண்டிருந்த அதிர்ச்சி இப்போது ஹவுசிங்கில் போல்ட் பூட்டும் காதுக்கும், சப்ஃபிரேமின் வெல்டிங்குக்கும், ஆக்ஸிலுக்கும் போகிறது. எஃகுச் சப்ஃபிரேமுக்குள் அலுமினியப் புஷ் உப்புக் காற்றில் இருக்கும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பும் தொடங்கும். ஐந்தாண்டு கழித்து அதை வெளியே எடுப்பவரின் பாடு சொல்லி மாளாது. காரை லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகிறவர் இதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

உள்ளூரிலேயே கடைந்து போடுவது பற்றியும் கேட்கிறார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் கடலூர் முதுநகர்ப் பக்கத்திலும் கைதேர்ந்த லேத் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. லாரிக்கும் படகுக்கும் அவர்கள் கடைந்து தரும் நைலான் புஷ்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. ஆனால் இங்கே தேவை வட்டமான ஒரு துண்டு அல்ல. குறிப்பிட்ட கடினத்தன்மையும் திசைக்கேற்ற நெகிழ்வும் கொண்ட பொருள். நைலானைக் கடைந்தால் கிடைப்பது டெல்ரினுக்கு ஒப்பான கெட்டிப் புஷ். அது ஈரத்தை உறிஞ்சி அளவும் மாறும். நடுக்குழாய், வாஷர், புஷ்ஷை அழுத்தும் கருவி ஆகியவற்றைக் கடைந்து வாங்குவதற்கு அதே பட்டறைக்குப் போகலாம்; அங்கே அவர்கள் கைவேலை பொன்னாகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாப் புஷ்களையும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். முன்புறம் கைக்கு எட்டுகிறது என்பதற்காக அங்கே மட்டும் பாலியூரித்தேன் போட்டுவிட்டுப் பின்புறத்துப் பழைய ரப்பரை விட்டால், ஹவுசிங் கெட்டியான முனையை அச்சாகக் கொண்டு மறுமுனையில் ஆடும். முக்கால் டன் விசை சமமாகப் பிரியாமல் ஒரு காதில் குவியும். ஹவுசிங்கின் அலுமினியக் கவரில் உள்ள காது உடையும் வாய்ப்பு இப்படித்தான் கூடுகிறது. தயாரிப்பாளரே முன்னும் பின்னும் வெவ்வேறு கடினத்தன்மையில் சேர்த்துத் தரும் தொகுப்பு இதற்கு விலக்கு.

செலவில் ஏமாற்றம் தருவது பாகத்தின் விலை அல்ல, கூலி. சைலன்சரை இறக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்டையும் ஆக்ஸில்களையும் விலக்கி, ஹவுசிங்கையும் பல கார்களில் சப்ஃபிரேமையும் இறக்கி, புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி, திரும்ப ஏற்றி அலைன்மென்ட் பார்ப்பது ஒரு முழு நாளுக்குக் குறையாத வேலை. ரப்பருக்கும் பாலியூரித்தேனுக்கும் இது ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே பாகத்தில் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போலி ரப்பரை வாங்குவது, இரண்டு ஆண்டில் அதே கூலியை மறுபடி கொடுக்க ஒப்புக்கொள்வதாகும். சப்ஃபிரேம் கீழே இருக்கும்போதே அதன் சொந்தப் புஷ்களையும் மாற்றிவிடுவது என் அழுத்தமான பரிந்துரை. டிஃபரன்ஷியலுக்குப் பாலியூரித்தேன், சப்ஃபிரேமுக்குப் புதிய கம்பெனி ரப்பர் என்ற இணைப்பு, இரண்டு அடுக்கு உள்ள காரில், கூர்மையையும் அமைதியையும் சேர்த்துத் தருகிறது. 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டே போய், அந்த 3.7 கிலோமீட்டர்ச் சுற்றில் ஓட்டி, மறுபடி ஓட்டிக்கொண்டே புதுச்சேரி திரும்புகிறவருக்கு நான் சொல்வது இந்த இணைப்பைத்தான். குழந்தைகளைப் பள்ளியில் விட்டு, வார இறுதியில் ஒருமுறை வேகமாகப் போய்வருகிறவருக்கு இரண்டு இடத்திலும் கம்பெனி ரப்பர்.

வேலை நடக்கும்போது உடனிருந்து கவனிக்க வேண்டியவை சில. கடற்காற்றில் புஷ்ஷின் வெளி உறை சப்ஃபிரேமோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். அதைக் காஸ் நெருப்பு வைத்து எரித்து எடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எரியும் ரப்பரின் புகையே கேடு. பழைய பாலியூரித்தேனை எரித்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு கலந்திருக்கும். ரம்பப் பிளேடால் அந்த உறையை நீளவாக்கில் அறுத்து, உட்பக்கமாக மடக்கி எடுப்பதே முறை. அறுக்கும்போது சப்ஃபிரேமின் துளைச் சுவரில் பள்ளம் விழக் கூடாது. பழைய புஷ்ஷை எடுப்பதற்கு முன் அதன் வெற்றிடங்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று சப்ஃபிரேமில் பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரப்பர் புஷ்ஷைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அழுத்திவிட்டால் கெட்டியான திசையும் மென்மையான திசையும் இடம் மாறிவிடும். துளையைத் தேய்த்துச் சுத்தம் செய்து துருத்தடுப்புப் பூசிய பிறகே புதியதை அழுத்த வேண்டும். ரப்பருக்குச் சோப்பு நீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவக் கூடாது. பாலியூரித்தேனுக்குத் தொகுப்போடு வரும் சிலிகான் கிரீஸை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இறுக்கும்போது சற்றே நீண்டு, ஒருமுறை மட்டும் பயன்படும் வகைப் போல்ட்களைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்க வேண்டும். குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ஹவுசிங் கையில் இருக்கும்போதே ஆயிலையும் வடித்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படித் தேங்கிய நீரில் ஓடிய காரில், சூடான ஹவுசிங் திடீரெனக் குளிரும்போது மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியே நீரை உள்ளிழுத்திருக்கும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் பேரிங்கையும் சோதிக்க வேண்டும். நிரப்புவதற்குப் பெரும்பாலான கார்களில் 75 டபிள்யூ-90, ஜி.எல்.-5 தரக் கியர் ஆயில் வேண்டும்; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப் வகையாக இருந்தால் கம்பெனி சொல்லும் சேர்மமும் வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் லிஃப்டில் ஏற்றிப் போல்ட்களின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் போட்ட காரில் அப்போதும், அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும், சப்ஃபிரேம் பொருந்தும் தரைத்தகட்டைத் துடைத்து விளக்கடித்து, பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு ஏதும் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.